பல் மருத்துவ மாணவர்கள் நோயாளியை எப்படிப் பார்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவக் கல்லூரியில் சமூகப் பல் மருத்துவம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பு மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஓ.பி. என்ற வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் நோயாளிகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஏழ்மை, பயம், புகையிலை, ஹெச்.ஐ.வி., கிராமம், காசு ஆகியவற்றை நாளைய பல் மருத்துவர் எந்த மனதோடு பார்க்கிறார் என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் இருக்கும்.

மாணவரின் மனப்பான்மையை அளக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் கவமுரா என்பவர் 1988-இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். அதில் 20 வாக்கியங்கள் இருக்கும். "பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது", "வலி வந்தால்தான் பல் மருத்துவரிடம் போவேன்" என்ற மாதிரி வாக்கியங்களுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். இந்தியா உட்படப் பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு மாணவர்கள் தங்கள் பல்லையும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை.

அடுத்தவர் மீதான அக்கறை இன்னொரு திசையில் போகிறது. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களிடம், வசதியற்ற நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவது பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்ட ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. முதலாம் ஆண்டு மாணவர்களிடம் இருந்த அளவு ஆதரவு நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இல்லை. அது மருத்துவ மாணவர்களைப் பற்றியது, வேறு நாட்டில் எடுத்தது என்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் வகுப்புகளிலும் அதே சரிவை வருடா வருடம் பார்க்கிறேன்.

கேள்வித்தாளில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியருக்குப் பிடித்த பதில் எது என்று மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் வேறு சிலவற்றையும் பார்ப்பேன். நாற்காலியைச் சாய்க்கும் முன் "இப்போ சாய்க்கப் போறேன்மா" என்று சொல்கிறாரா? வாயைத் திறந்துவைத்திருக்கும் பாட்டியின் தலைக்கு மேலே பக்கத்து மாணவரோடு சினிமா பேசுகிறாரா? எனக்கு அதுதான் சரியான அளவுகோல்.

முதல் வருடம் இருந்த ஈரம் கடைசி வருடத்தில் எங்கே போகிறது?

முதல் வருடத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால் பாதிப் பேராவது "ஏழைகளுக்கு இலவசமா பார்க்கணும் சார்" என்பார்கள். அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாம் வருடம் வார்டுக்குள் வருகிறார்கள். கோட்டா தொடங்குகிறது. இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை அடைப்பு, இத்தனை ஸ்கேலிங் (பல் சுத்தம் செய்வது), இத்தனை பல்செட். ரெக்கார்டில் கையெழுத்து முழுமையாக இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அன்றிலிருந்து நோயாளிக்குப் பெயர் போய்விடுகிறது. "ஒரு கம்ப்ளீட் டென்ச்சர் கேஸ் கிடைச்சிருக்கு" என்கிறார்கள். வாயில் ஒரு பல்கூட இல்லாத முதியவரைப் பார்த்ததும் மாணவரின் கண் விரிகிறது, ஏனென்றால் பல்செட் கோட்டா முடிந்துவிடும். ஒரே பல் எடுக்க வந்தவரிடம் அந்த ஆர்வம் கிடையாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. நோயாளி கிடைக்காத மாணவர்கள் சொந்த ஊரிலிருந்து பெரியப்பாவையும் அத்தையையும் பஸ் காசு கொடுத்து அழைத்து வருகிறார்கள்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஐயா, அந்தத் தம்பி ஒரு பல்லை அடைச்சிட்டு, மீதிக்கு வேற டிப்பார்ட்மென்ட் போங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அங்க போனா நாளைக்கு வாங்கங்கிறாங்க. நான் நாளைக்கும் வேலையை விடணுமா?" அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு வேண்டிய அடைப்பு முடிந்துவிட்டது, மறுநாள் வைவா என்ற வாய்மொழித் தேர்வு இருந்தது, அவ்வளவுதான்.

இதை மாணவரின் குணக்கேடு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். எத்தனை பல் என்று கேட்கிறோம், எத்தனை பேரை முழுதாகக் குணப்படுத்தினாய் என்று நாம் கேட்பதே இல்லை.

அப்படியானால் கோட்டாவை எடுத்துவிட வேண்டியதுதானே?

முழுதாக எடுக்க முடியாது. பத்துப் பல்கூட எடுக்காமல் ஒருவர் பட்டம் வாங்கிவிட்டால் அது நோயாளிக்குத்தான் ஆபத்து. கைப்பழக்கம் செய்து செய்துதான் வரும்.

ஆனால் எண்ணும் முறையை மாற்றலாம். ஒரு மாணவருக்கு ஐந்தாறு நோயாளிகளை வருடத் தொடக்கத்திலேயே ஒப்படைத்து, ஸ்கேலிங்கிலிருந்து கடைசிப் பல் கட்டுவது வரை அவர்களுடைய வாய் முழுவதற்கும் அவரையே பொறுப்பாக்கலாம். துறை துறையாக அலைவது நோயாளியின் வேலையாக இருக்காது, கூட்டிப் போவது மாணவரின் வேலையாகிவிடும். முழு வாய்ச் சிகிச்சை என்ற இந்த முறையைப் பல நாடுகளின் பல் மருத்துவக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. சிறிய அளவில் நான் செய்து பார்த்தபோது முதலில் மாறியது பேச்சுதான். "என் கேஸ்" என்றவர்கள் மூன்று மாதத்தில் "எங்க செல்வி அக்கா இன்னிக்கு வரலை சார், போன் பண்ணிப் பார்க்கிறேன்" என்றார்கள். பெயர் திரும்பி வந்துவிட்டது.

எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் பி.டி.எஸ். வந்தவர்களுக்கு ஈடுபாடு இருக்குமா?

நீட் என்ற ஒரே தேர்வில்தான் இரண்டு படிப்புக்கும் இடம் கிடைக்கிறது. அதனால் முதல் சில மாதங்களில் கணிசமான பேர் மறுபடி நீட் எழுதும் யோசனையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் "டாக்டரா? ஓ, பல் டாக்டரா?" என்று கேட்பது அவர்களை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

நான் பார்த்தவரை, இந்த வருத்தம் முதல் நோயாளியோடு தீரத் தொடங்குகிறது. நான்கு நாளாகத் தூங்காத ஒருவரின் வலியை இருபது நிமிடத்தில் தன் கையால் நிறுத்திய மாணவருக்கு அன்று மாலை வேறு முகம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இலிருந்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி வந்த பிள்ளைகளில் பலருடைய வீட்டிலேயே பல்வலிக்குக் கிராம்பு வைத்து நாள் கடத்திய அம்மா இருப்பார். நோயாளி ஏன் தாமதமாக வந்தார் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் அவர்கள் பேச ஆரம்பித்தால் மற்ற மாணவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

நோயாளி சொல்வது மாணவருக்குப் புரிகிறதா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில், வலி முழுவதும் தமிழில். வலிக்கு நம் மக்களிடம் இருக்கும் சொற்கள் பாதி நோயறிதலைச் செய்து கொடுத்துவிடும்.

"தண்ணி குடிச்சா கூசுது, அப்புறம் சரியாயிடுது" என்றால் பல்லின் உள்ளிருக்கும் நரம்புச் சதை பெரும்பாலும் இன்னும் பிழைத்திருக்கிறது, அடைத்தாலே போதும். "ராத்திரி படுத்தா விண்விண்ணு தெறிக்குது, காது வரைக்கும் இழுக்குது" என்றால் அந்தச் சதை அழற்சி முற்றிவிட்டது, வேர் சிகிச்சை (ரூட் கேனல்) வரை போகலாம். "அந்தப் பல்லு மட்டும் நீண்டுக்கிட்ட மாதிரி இருக்கு, கடிச்சா உயிரு போகுது" என்றால் வேர் நுனியில் சீழ் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

"வலி எப்படி இருக்கிறது, கூர்மையாகவா மந்தமாகவா?" என்று பாடப் புத்தகக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்கும் மாணவருக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்றாம் வருடம் தொடங்கும்போது ஒரு சிறு பயிற்சி கொடுப்பேன். ஓ.பி. வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வலியைச் சொல்ல மக்கள் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதி வர வேண்டும். குத்துது, குடையுது, கடுக்குது, சுள்ளுங்குது, மதமதன்னு இருக்கு என்று நாற்பது, ஐம்பது சொற்களோடு வருகிறார்கள்.

"பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று வருபவரை என்ன செய்வது?

முதலில், சிரிக்கக் கூடாது. பக்கத்து மாணவரைப் பார்த்துக் கண் சிமிட்டவும் கூடாது. மேல் கடைவாய்ப் பல்லில் சீழ் முற்றினால் கன்னமும் கண்ணிமையும் வீங்கிக் கண்ணே மூடிக்கொள்ளும். அந்த நிலையில் வந்தவருக்குப் பல் எடுப்பதையும் மக்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை. "கண்ணுக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேறம்மா. பல்லை எடுக்கிறதால கண்ணு போகாது. சீழை அப்படியே விட்டாதான் ஆபத்து" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

"சுத்தம் பண்ணினா பல் ஆடும்" என்பதும் அப்படித்தான். ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். பல்லைச் சுற்றிக் கல்லாகப் படிந்த காரைதான் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. அவர் கண்டது நிஜம், காரணம்தான் வேறு. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் விளக்கம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் பல் பார்க்க மாணவர் மறுக்கலாமா?

கூடாது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் பாதியில் நிறுத்துவதும் பாகுபாடு. "டெஸ்ட் எடுத்துட்டு வந்தாத்தான் பல்லைத் தொடுவேன்" என்று சொல்லவும் முடியாது. ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும் தவறு. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைப்பதும் அதில் அடங்கும்.

சட்டம் இருந்தாலும் பயம் இருக்கிறது. தத்துவமாக "எல்லா நோயாளியும் சமம்" என்று எழுதும் மாணவர், கையில் ஊசியோடு நிற்கும்போது தயங்குகிறார். அந்தப் பயத்தைத் திட்டிப் போக்க முடியாது. எண்களைச் சொன்னால் பெரும்பாலும் தணிகிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் அந்த வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகும். அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "உங்களில் எத்தனை பேர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடித்தீர்கள்?" என்று கேட்பேன். கைகள் குறைவாகத்தான் உயரும். பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லை, தேவையில்லாத இடத்தில் பயம் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்கச் சொல்வேன். தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் நம் நாற்காலியில் உட்கார்ந்து போகிறார்கள். உண்மையைச் சொன்னவரிடம் இரண்டு கையுறை, சொல்லாதவரிடம் ஒன்று என்றால் அதில் என்ன பாதுகாப்பு? எல்லோருக்கும் ஒரே முன்னெச்சரிக்கை என்ற விதி வந்ததே இதனால்தான். உண்மையைச் சொன்னவரைத் துரத்தினால் அடுத்தவர் மறைத்துவிடுவார்.

சென்னை மாணவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். கண்டறிந்தவர் செல்லப்பன் நிர்மலா, அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த ஆய்வுத் தலைப்பு அது. பாலியல் தொழிலாளர்களிடம் போய், பேசி, ரத்த மாதிரி சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். யாரும் நெருங்க விரும்பாத மனிதர்களிடம் ஒரு மாணவி நெருங்கிப் போனதால்தான் நாடு விழித்துக்கொண்டது. இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, ஊசி குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். பொறுப்பு ஆசிரியரிடம் அப்போதே சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை என்று மேலே சொன்ன சட்டமே சொல்கிறது.

திட்டு விழும் என்று மறைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறு ஆசிரியர்களாகிய எங்களுடையது. ஊசி குத்தியதைச் சொல்ல வந்தவரிடம் முதல் வார்த்தையாக "ஏன் கவனமா இல்ல?" என்று கேட்டால், இரண்டாவது ஆள் வர மாட்டார்.

பல் காட்ட வந்தவரிடம் புகையிலையைப் பற்றிப் பேசுவது நம் வேலையா?

நம் வேலைதான். வேறு எந்த மருத்துவரைவிடவும் நமக்குத்தான் அதிகம். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பது நாம்தானே.

2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லுவது, வாயில் அடக்குவது போன்ற புகையில்லாத புகையிலை மட்டும் 21.4 சதவீதம், புகைப்பதைப் போல இரண்டு மடங்கு. இது நேராக வாய்க்குள் வேலை செய்கிறது. 2020-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,35,000 பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கீடு சொல்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இலேயே தடை வந்தது. ஆனாலும் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் போல இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்கூட நுழையாத இருபத்தைந்து வயதுப் பையன்கள் இன்றும் வருகிறார்கள். "சார், புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. வெற்றிலைத் தட்டில் வைத்து மரியாதை செய்யும் பொருளாயிற்றே என்று நம் மாணவர்களுக்கே இதை ஏற்கக் கஷ்டமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் ஆண்டு மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் மாணவர்களிடம் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. புகையிலையை விடச் செய்வது தங்கள் கடமை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள், அதற்கான பயிற்சி கிடைத்தது என்று சொன்னவர்கள் குறைவு. மனம் இருக்கிறது, வழி சொல்லித்தரவில்லை. அதனால்தான் "இதெல்லாம் கேட்டா கோவிச்சுப்பாங்க சார்" என்று ஒதுங்குகிறார்கள்.

வழி எளிது. எல்லோரிடமும் கேளுங்கள், வாயில் தெரியும் மாற்றத்தைக் கண்ணாடியில் காட்டி விடச் சொல்லுங்கள், விடும் எண்ணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள், எப்படி விடுவது என்று உதவுங்கள், மறுபடி வரச் சொல்லித் தேதி கொடுங்கள். மூன்று நிமிடம் போதும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்த மையம் அமைப்பதற்கான வழிகாட்டுதல் 2018-இலேயே வந்துவிட்டது. உங்கள் கல்லூரியில் அந்த அறை எங்கே என்று தெரியாவிட்டால் இன்றே தேடிப் பாருங்கள்.

பேசும் விதம் முக்கியம். "இப்படியே போட்டா செத்துருவீங்க" என்று மிரட்டிய மாணவரிடம் அந்த நோயாளி திரும்பி வந்ததில்லை. "அண்ணே, இந்த வெள்ளைத் திட்டைப் பாருங்க. இப்ப விட்டா இது குறைய வாய்ப்பு இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு நானே பார்க்கிறேன், வாங்க" என்றவரிடம் வந்திருக்கிறார்கள்.

மாணவரே சிகரெட் பிடித்தால்?

விட வேண்டும். குற்றவாளியாக நடத்தக் கூடாது, நோயாளிக்குக் கொடுக்கும் அதே உதவியை அவருக்கும் கொடுக்க வேண்டும். தான் புகைப்பவர் நோயாளியிடம் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார், அதனால் இழப்பு இரண்டு பேருக்கும்.

"வேண்டாம் தம்பி, பிடுங்கிருங்க" என்று நோயாளி சொன்னால் எடுத்துவிடலாமா?

காப்பாற்றக்கூடிய பல்லை எடுக்கச் சொல்லும்போது மாணவருக்குக் கோபம் வருகிறது. "இவங்களுக்கு விழிப்புணர்வே இல்லை" என்று ரெக்கார்டிலேயே எழுதுகிறார்கள். அந்த வார்த்தையை நான் அடித்துவிடுவேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும், பிறகு உறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, கூட வருபவரின் கூலி. அரசு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது, ஒரு சொத்தையை அடைக்க அது உதவாது. பல்லை எடுத்தால் ஒரே நாளில் வலி போய்விடும். அவர் அறியாமையால் சொல்லவில்லை, தெளிவாகக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார்.

இந்தக் கணக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது, உலக மக்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்கும் 35 முதல் 44 வயதுக்காரர்களில் 80.2 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. இவ்வளவு பேரையும் நாற்காலியில் படுக்கவைத்து ஒவ்வொருவராகக் குணப்படுத்த முடியாது. சர்க்கரை, புகையிலை, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று வேரில் கைவைக்க வேண்டும். மாணவர்கள் சலிப்போடு படிக்கும் சமூகப் பல் மருத்துவப் பாடம் இதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் அவர் கேட்டபடி எடுத்துவிடுவதா? காப்பாற்ற முடியும் என்பதையும், எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ஆகும் என்பதையும் முழுதாகச் சொல்லுங்கள். வருகைகளைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், அவருக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் நேரம் கொடுங்கள். அதன் பிறகும் எடுக்கச் சொன்னால், மரியாதையோடு நன்றாக எடுத்துக் கொடுங்கள்.

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் மூன்று மாதக் கிராமப் பணி எதற்கு?

பி.டி.எஸ். நான்கு வருடப் படிப்புக்குப் பிறகு ஒரு வருடப் பயிற்சி. அதில் மூன்று மாதம் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமச் சேவைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாகப் பலர் நினைக்கிறார்கள். கல்லூரிகளும் சில சமயம் கண்டுகொள்வதில்லை.

ஒரே ஒரு முறை தர்மபுரிப் பக்கம் முகாமுக்குப் போய் வாருங்கள் என்பேன். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் சிறு வயதில் அதற்கு மேல் குடித்தால் பல்லில் பழுப்புக் கறையும் குழிகளும் வந்துவிடும், தேய்த்தால் போகாது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். தினமும் இரண்டு முறை ஒழுங்காகப் பல் தேய்த்த பிள்ளைதான் அது. "நல்லா பிரஷ் பண்ணும்மா" என்று அறிவுரை சொன்ன மாணவர், ஊர்க் கிணற்றைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார். அந்த ஊர்களுக்கு உண்மையான பல் மருத்துவம், காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அது 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் ஒரு சிகிச்சை என்பது வகுப்பறையில் எத்தனை ஸ்லைடு போட்டாலும் புரியாது.

ஒரு வேண்டுகோள்: முகாமில் 300 பேரைப் பார்த்தோம் என்று எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். பார்த்தவர்களில் யாருக்குச் சந்தேகமான புண் இருந்தது, அவர் பெரிய மருத்துவமனைக்குப் போனாரா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தால் அந்த முகாமே போதும்.

பல்வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் பழக்கம் மாணவர்களிடம் ஏன் இருக்கிறது?

சீனியர் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறார்கள், நோயாளியும் கேட்கிறார். நரம்புச் சதை அழற்சியால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. உள்ளே மருந்து போய்ச் சேரவும் வழியில்லை, அங்கே இருப்பதும் பெரும்பாலும் அழற்சிதான். பல்லைத் திறந்து சிகிச்சை செய்வதே வலிக்கு மருந்து. வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் கதை வேறு.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சை தருவதில் மாணவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பழக்கமில்லை என்பதுதான் காரணம். ஐந்து வருடத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைக்கூடத் தொடாமல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. அந்தக் குழந்தையின் அம்மா ஏற்கெனவே நான்கு கிளினிக்கில் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். முதல் வருகையில் நாற்காலியில் உட்கார வைப்பது மட்டும், இரண்டாவதில் கண்ணாடியை வாயில் வைப்பது மட்டும் என்று மெதுவாகப் போகலாம். என்ன சத்தம் பிடிக்காது, எதைக் கையில் கொடுத்தால் அமைதியாகும் என்பதை அம்மாவிடம் கேளுங்கள், புத்தகத்தில் அது இருக்காது.

கல்லூரி வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் உரிமையாகத்தான் பார்க்கிறது.

மாணவரிடம் பல் காட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நேரம் அதிகமாகும், அதற்குத் தயாராகப் போங்கள். தனியார் கிளினிக்கில் அரை மணியில் முடிவது இங்கே இரண்டு மணி நேரம் ஆகலாம், ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். கட்டணம் மிகக் குறைவு, அரசுக் கல்லூரிகளில் இன்னும் குறைவு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்று ஊர்களிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த (நீராவியால் கிருமி நீக்கிய) உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா என்று பார்க்கலாம், கேட்கவும் செய்யலாம். என்ன செய்யப் போகிறார்கள் என்று புரியாவிட்டால், கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், உங்களைப் பார்க்கும் மாணவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அதே பெயரைச் சொல்லி அவரிடமே பார்க்க வேண்டும் என்று ஓ.பி. கவுன்டரில் கேட்கலாம்.